சைன் ஆல்ஃபா ஒன்றைத் தாண்டாது

உங்கள் கேள்வியை என் சொல்லில் சுருக்கிக்கொள்கிறேன். நீங்கள் இயற்பியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள், கவிதையும் எழுதுகிறீர்கள். இப்போது வரும் கவிதைகளில் குவாண்டம், கருந்துளை, என்ட்ரோபி என்றெல்லாம் சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. கவிதையும் அறிவியலும் தத்துவமும் ஒன்றுசேரும் இடம் என்று அதைப் பலர் புகழ்கிறார்கள். அது உண்மையா, வெறும் மேற்பூச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். மாதிரிக்கு உங்கள் வரிகள் இரண்டையும் போட்டிருக்கிறீர்கள்: ‘நாம் பின்னிப்போன இரு துகள்கள் / நீ அங்கே அழுதால் நான் இங்கே நனைகிறேன்.’ ஆனால் நிஜமான கேள்வி உங்கள் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. பேராசிரியர் ‘இது அறிவியல்படி தப்பு’ என்றாராம், கவிஞர் நண்பர் ‘கவிதையில் தப்பு என்று ஒன்று கிடையாது’ என்றாராம். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? கவிதைக்குள் வந்துவிட்ட அறிவியல் சரியாக இருந்தாக வேண்டுமா? இதுதானே நீங்கள் கேட்பது?

என் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். சிற்றிதழ்களில் கவிதை மதிப்புரை எழுதுகிற பழக்கம் வேலையில் இருந்தபோதே தொற்றிக்கொண்டது, இன்னும் விடவில்லை. தத்துவத்தை முறையாகப் படித்தவன் அல்ல. கீழே வருகிற செக், டேனிஷ் கவிஞர்களை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். ஆகவே அவர்களுடைய ஓசை, சந்தம் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. கவிதையில் வரும் செய்தியையும் அது அங்கே என்ன வேலை செய்கிறது என்பதையும் மட்டும் பேசுகிறேன்.

இரண்டு பேரும் பாதி சரி என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. என் கட்சி இதுதான். ஓர் அறிவியல் உண்மையைக் கையில் எடுக்கும்போது அது தன் இஷ்டத்துக்கு வளைந்துகொடுக்காது என்பதை ஒப்புக்கொண்டு ஒருவர் எழுதினால், அந்தக் கவிதையில் அறிவியல் இருக்கிறது. வளையாத அந்த இடத்தில் மனிதனின் ஆசை போய் மோதும்போது ஒரு கேள்வி எழுகிறதே, அது தத்துவம். மோதலே இல்லாமல் சொல்லை மட்டும் கடன் வாங்கினால் மிஞ்சுவது கலைச்சொல்தான். அதில் பாவம் ஒன்றும் இல்லை, ஆனால் அதை மூன்றின் சங்கமம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

மிரோஸ்லாவ் ஹோலுப் என்று ஒரு செக் கவிஞர் (1923–1998). தொழிலால் நோயெதிர்ப்பியல் விஞ்ஞானி. பிராகில் ஆய்வகத்தில் லிம்ஃபோசைட் என்கிற வெள்ளணுக்களையும், தைமஸ் என்கிற நோயெதிர்ப்புச் சுரப்பி இல்லாமல் பிறக்கும் முடியற்ற ஆய்வக எலிகளையும் வைத்து வேலை செய்தவர். அவருடைய கவிதை ஒன்றில் ஜீட்டோ என்று ஒரு மாயக்காரன் வருகிறான். அரசரை மகிழ்விக்கத் தண்ணீரை மதுவாக்குகிறான், தவளைகளைச் சேவகர்களாக்குகிறான், ஓர் எலியை மந்திரியாக்குகிறான். அரசருக்கு அலுப்பு தட்டுகிறது. கறுப்பு நட்சத்திரம் ஒன்றை நினைத்துக் காட்டு என்கிறார், காட்டுகிறான். உலர்ந்த தண்ணீர்? அதுவும் ஆயிற்று. அப்புறம் ஒரு மாணவன் வந்து, சைன் ஆல்ஃபா ஒன்றைவிடப் பெரிதாக இருக்கும்படி நினைத்துக் காட்டு என்று கேட்கிறான். ஜீட்டோ வெளிறிப்போகிறான். சைன் என்பது கழித்தல் ஒன்றுக்கும் கூட்டல் ஒன்றுக்கும் நடுவில்தான் இருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்று வருத்தம் தெரிவித்துவிட்டு, அரசவைக் கூட்டத்துக்குள் புகுந்து சத்தமில்லாமல் தன் வீட்டுக்குப் போய்விடுகிறான். வீடு ஒரு கொட்டையின் ஓடு.

கவிதையில் உள்ள கணிதம் பத்தாம் வகுப்புக் கணிதம்தான். ஒரு கோணத்தின் சைன் மதிப்பு எல்லோருக்கும் தெரிந்த வரம்புக்குள் அடங்கியது. ஆனால் அந்த எளிய வரம்பு கவிதையில் என்ன வேலை செய்கிறது பாருங்கள். அதை எடுத்துவிட்டு வேறு எந்த அழகான சொல்லை வைத்தாலும் கவிதை விழுந்துவிடும். அரசனின் ஆணை எதுவரை செல்லும், கற்பனை எதுவரை செல்லும் என்கிற கேள்வி அந்த ஓர் எண்ணில் நிற்கிறது. அரசு சொன்னால் உயிரியல்கூட வளைய வேண்டும் என்று லைசென்கோ (மரபியலைப் பொய் என்று ஒதுக்கவைத்த சோவியத் வேளாண் விஞ்ஞானி) காலத்து சோவியத் அணியில் நடந்ததை ஹோலுப் தலைமுறை நேரில் கண்டது. அந்தக் கசப்பு ஜீட்டோவுக்குள் இருக்கிறது என்பது என் ஊகம். ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் அவருடைய நூல்கள் அவருடைய நாட்டிலேயே வெளிவர முடியாமல் இருந்தன என்பது மட்டும் ஊகம் அல்ல.

நீங்கள் இயற்பியல் மாணவர் என்பதால் ஒரு கிளைக்கதை. வகுப்பில் இந்தக் கவிதையைச் சொன்னால் முன்வரிசையில் யாராவது ஒருவர் கை தூக்குவார்: ‘சார், கோணம் சிக்கலெண்ணாக, அதாவது கழித்தல் ஒன்றின் வர்க்கமூலம் கலந்த எண்ணாக இருந்தால் சைன் ஒன்றைத் தாண்டுமே!’ தாண்டும்தான். ஒளியியலில் அது கண்முன்னே நடக்கிறது. கண்ணாடிக்குள்ளிருந்து ஒளி சாய்வாக வெளியே வரப் பார்க்கிறது. மாறுநிலைக் கோணத்தைத் தாண்டினால் ஸ்நெல் விதி விலகுகோணத்தின் சைன் மதிப்பை ஒன்றுக்கு மேல் தருகிறது. உடனே விதி உடைந்துவிட்டதா? இல்லை. ஒளி முழு அக எதிரொளிப்பு அடைகிறது, வெளியே ஒரு தேய்ந்து மறையும் அலை மட்டும் மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது. கோணம் கோணமாக இருப்பதைக் கைவிட்டால்தான் வரம்பைத் தாண்டலாம், அப்படித் தாண்டுவதற்கும் கறாரான விதி இருக்கிறது. ஜீட்டோவுக்கு இது தெரிந்திருந்தால் கொட்டை ஓட்டுக்குள் போயிருக்க மாட்டான். உலர்ந்த தண்ணீரும் இயற்பியலில் உண்டு. பாகுநிலை இல்லாத திரவத்தைப் பற்றிய சமன்பாடுகளை ஃபைன்மன் தன் விரிவுரையில் கேலியாக அப்படித்தான் தலைப்பிட்டிருக்கிறார்.

அதே ஹோலுப்புக்கு ஓர் ஈயைப் பற்றிய கவிதை இருக்கிறது. 1346இல் பிரான்சில் நடந்த கிரேசிப் போரை ஒரு பெண் ஈ வில்லோ மரத்தில் உட்கார்ந்து பார்க்கிறது. குதிரைப்படை பதினான்காவது முறை பாயும்போது அது ஓர் ஆண் ஈயுடன் இணைகிறது. குடல் சரிந்த குதிரைமேல் உட்கார்ந்து கால்களைத் தேய்த்துக்கொண்டு ஈக்களின் அமரத்துவத்தைச் சிந்திக்கிறது. பிறகு செத்த ஒருவனின் கண்ணில் முட்டையிடத் தொடங்குகிறது. கடைசியில், எரியும் ஊரிலிருந்து தப்பிப் பறந்த ஒரு பறவை அதைத் தின்றுவிடுகிறது. இதில் ஒரு கலைச்சொல்கூட இல்லை. ஆனால் இதைவிட அறிவியல் மிகுந்த கவிதை எனக்குத் தெரியாது. உயிரியலாளன் பார்ப்பதுபோல் போரைப் பார்க்கிறது. எந்தக் கட்சியும் எடுக்காமல், முட்டையிடும் சுழற்சி எதுவோ அதை அப்படியே சொல்கிறது. மன்னர்களின் வரலாறு அந்தப் பார்வையில் தானாகச் சிறுத்துப்போகிறது. அறிவியல் என்றால் சொல் என்று நினைப்பவர்கள் இந்தக் கவிதையை எந்தப் பட்டியலிலும் சேர்க்க மாட்டார்கள்.

அவருடைய ஒரு கட்டுரையையும் சேர்த்துப் படியுங்கள். வற்றிய நீச்சல் குளத்தில் விழுந்த ஒரு நீரெலியைப் பக்கத்து வீட்டுக்காரர் சுட்டுக் கொல்கிறார். சுவரில் தெறித்த ரத்தத்தைக் கழுவும் வேலை ஹோலுப்புக்கு வருகிறது. கழுவிக்கொண்டே யோசிக்கிறார்: செத்தது எது? இந்த ரத்தத்தில் வெள்ளணுக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, தங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன, எலி செத்த செய்தி அவற்றுக்கு எட்டவில்லை. மரணம் ஒரு கணத்தில் நடப்பதா, எந்த மட்டத்தில் நடப்பதை மரணம் என்கிறோம்? தத்துவ நூல் படித்து வந்த கேள்வி அல்ல இது. அந்த அணுக்களோடு தினமும் புழங்கியவர் குழாய்த் தண்ணீரும் கையுமாக நிற்கும்போது வந்தது.

அடுத்தது ரெபெக்கா எல்சன். கனடாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் வேலை செய்த வானியலாளர். கோளக் கொத்துகள் (உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டங்கள்), மங்கலான விண்மீன்கள், ஹப்பிள் தொலைநோக்கிப் படங்கள் என்று அவர் ஆய்வு போயிற்று. 29 வயதில் நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1999இல் 39 வயதில் இறந்தார். அவருடைய கவிதைகள் இரண்டாண்டு கழித்து 2001இல் நூலாக வந்தன.

கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் கரும்பொருளைத் தேடுவது பற்றி அவர் எழுதிய ஒரு கவிதையில் ஒரு வேண்டுதல் வருகிறது. இருட்டு இரவுகளில் மிக மங்கிய விண்மீன்களைத் தேடுகிறோம், கண்ணுக்குத் தெரியாதவற்றின் தடயத்தைத் தேடுகிறோம், எதற்காக? பிரபஞ்சம் தன் எல்லையைத் தாண்டித் தாண்டி ஓடி, களைத்து, கடைசி விண்மீனும் அணைந்து குளிர்ந்துபோகாமல் அதைத் தடுக்கப் போதுமான எடை வேண்டும். அவை எதுவாக இருந்தாலும் சரி, கூட்டம் கூட்டமாக இருக்கட்டும், எல்லாவற்றையும் திரும்ப நெருக்கமாகக் கொண்டுவரும் அளவுக்கு இருக்கட்டும் என்கிறார். இதன் பின்னால் உள்ள இயற்பியல் ஒரு குறிப்பிட்ட எண். கன மீட்டருக்குச் சராசரியாக ஐந்தாறு ஹைட்ரஜன் அணு எடைக்குமேல் பொருள் இருந்தால் ஈர்ப்பு விரிவை நிறுத்தித் திரும்ப இழுத்துவிடும், இல்லையென்றால் விரிவு நிற்காது. அதுதான் அன்றைய பாடநூல் கணக்கு. எல்சன் வேலை செய்த ஆண்டுகளில் பெரும்பகுதி அந்த வழக்கு முடிவாகாமல் இருந்தது. சாகப் போகிறவர் என்று தெரிந்த ஒருவர், தன் தொழிலில் தீர்ப்பு வராத ஒரு வழக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் உயிர்த்தெழுதல் கேட்கிறார். ஆசையும் அளவீடும் இப்படி ஒரே வரியில் உட்கார்ந்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

தீர்ப்பு 1998இல் வந்தது. தொலைதூர சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களை, அளந்த இரண்டு குழுக்கள் விரிவு குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது என்றன. 2011இல் அதற்கு நோபல் கிடைத்தது. இன்றைய கணக்கில் பிரபஞ்சத்தின் ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த விரிவை முடுக்குகிற கரும் ஆற்றல், எல்சன் தேடிய கரும்பொருள் கால்வாசி, நீங்களும் நானும் விண்மீன்களும் ஆன சாதாரணப் பொருள் வெறும் 5 விழுக்காடு. எடை போதாது. 2024, 2025இல் வந்த டெசி என்கிற விண்மீன்மண்டல வரைபட ஆய்வின் அளவீடுகள் இந்தக் கரும் ஆற்றல் காலப்போக்கில் பலவீனமாகிறதோ என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பியிருக்கின்றன. அது இன்னும் சந்தேகம் என்ற கட்டத்தில்தான் இருக்கிறது, அதை வைத்து யாரும் உயிர்த்தெழுதலுக்குத் தேதி குறிக்க வேண்டாம். சரி, இப்போது அந்தக் கவிதை பொய்யாகிவிட்டதா? என் அனுபவத்தில் இல்லை, இன்னும் வலிக்கிறது. அது ‘பிரபஞ்சம் திரும்பிவரும்’ என்று சொல்லவில்லை, ‘வரட்டும்’ என்கிறது. திறந்திருந்த கேள்வியைத் திறந்தே வைத்தது. அறிவியலை நம்பி எழுதும் கவிஞருக்குள்ள ஆபத்தும் பாதுகாப்பும் அங்கேயே இருக்கிறது: கண்டுபிடிப்பை அறிவிக்கிற கவிதை சீக்கிரம் பழசாகும், தெரியாததன் முன்னால் நிற்கிற கவிதைக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

எல்சனின் இன்னொரு கவிதை மரண பயத்துக்கு மருந்து பற்றியது. அதில் இளம் பிரபஞ்சத்துக்குள், ரத்தத்தைப்போல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்த காலத்துக்குள் தன்னைக் கலந்துகொள்வதாக ஓர் இடம் வருகிறது. இன்னும் பிறக்காத விண்மீன்களின் ஒளி மூடுபனிபோல் மிதக்கிறது. முதல் வாசிப்பில் இதை வெறும் உருவகம் என்று தாண்டிப் போய்விடலாம். பேனாவை எடுத்துக் கணக்குப் போடுங்கள். ரத்தச் சூடு 37 டிகிரி, அதாவது 310 கெல்வின். பெருவெடிப்பின் மிச்சமான பின்னணிக் கதிர்வீச்சு இன்று 2.7 கெல்வின். பிரபஞ்சம் எத்தனை மடங்கு விரிகிறதோ அத்தனை மடங்கு அது குளிர்கிறது. அப்படியானால் பிரபஞ்சம் இன்றுள்ளதில் 114இல் ஒரு பங்கு அளவாக இருந்தபோது அது ரத்தச் சூட்டில் இருந்தது. காலக் கணக்கில் பெருவெடிப்புக்குப் பின் சுமார் 1.4 கோடி ஆண்டு. முதல் விண்மீன்கள் பிறக்க அப்போது இன்னும் பல கோடி ஆண்டுகள் இருந்தன. அதாவது ‘ரத்தச் சூடு’, ‘பிறக்காத விண்மீன்கள்’ இரண்டும் ஒரே காலத்துக்குப் பொருந்துகின்றன. எல்சன் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் எழுதினாரா என்றால் அதற்கு ஆதாரம் எதுவும் காட்ட மாட்டேன். வானியலாளருக்கு இதெல்லாம் விரல் நுனிக் கணக்கு, அவ்வளவுதான் சொல்லலாம். அந்தச் சூட்டில் கதிர்வீச்சு முழுவதும் அகச்சிவப்பு. நம் கண்ணுக்கு எந்த ஒளிப்பனியும் தெரிந்திருக்காது, கும்மிருட்டாகத்தான் இருந்திருக்கும். அந்த இடத்தில் கவிஞர் சலுகை எடுத்துக்கொண்டார், கொடுத்துவிடலாம்.

இதுவரை சொன்னது பொருளில் அறிவியல். வடிவத்தில் அறிவியல் வரும்போது வேறொன்று நடக்கிறது. டென்மார்க்கின் இங்கர் கிறிஸ்டென்சன் 1981இல் அகரவரிசையையே தலைப்பாக வைத்து ஒரு நெடுங்கவிதை வெளியிட்டார். முதல் எழுத்துக்கு ஒரு வரி, அடுத்ததற்கு இரண்டு, பிறகு மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று. ஃபிபனாச்சி வரிசை. ஆப்ரிகாட் மரங்கள் இருக்கின்றன என்று தொடங்கி, உலகில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக ‘இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே போகிறது. இரண்டாம் பகுதியிலேயே ஹைட்ரஜன் வந்துவிடுகிறது, வெறும் தனிமமாக. வெகுதூரம் போன பிறகு அதே ஹைட்ரஜன் குண்டாகத் திரும்புகிறது, ‘இருக்கிறது’ என்ற அதே வினைச்சொல்லோடு. கவிதை பதினான்காம் எழுத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள்: பதினான்காம் பகுதிக்கு 610 வரி, இருபத்தாறாம் பகுதிக்கு மட்டும் 1,96,418 வரி. சூரியகாந்தி விதைகளை அடுக்குகிற வரிசையே கட்டுப்பாடில்லாமல் விட்டால் கையை மீறும் பெருக்கமாகிறது என்பதை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பக்கம் புரட்டும் கை அதை உணர்கிறது. அணுகுண்டில் நடக்கும் சங்கிலி வினையும் பெருக்கம்தானே.

இங்கே நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்மையாகவே இருக்கிறது. பீசா நகரத்து ஃபிபனாச்சி 1202இல் எழுதுவதற்கு முன்பே இந்திய யாப்பு நூலார் இந்த எண்களைக் கண்டுவிட்டார்கள். விரகாங்கர், பிறகு 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர். வடமொழி, பிராகிருத யாப்பில் லகு ஒரு மாத்திரை, குரு இரண்டு மாத்திரை. குறிப்பிட்ட மாத்திரை அளவை எத்தனை விதமாக நிரப்பலாம் என்பது அவர்கள் கேள்வி. நம் குறில், நெடிலை வைத்தே செய்து பாருங்கள். நான்கு மாத்திரைக்கு: நான்கு குறில், நெடில் குறில் குறில், குறில் நெடில் குறில், குறில் குறில் நெடில், நெடில் நெடில். ஐந்து வழி. மூன்று மாத்திரைக்கு மூன்று, ஐந்துக்கு எட்டு. கடைசியில் குறில் வந்தால் முந்தைய அளவின் எண்ணிக்கை, நெடில் வந்தால் அதற்கும் முந்தைய அளவின் எண்ணிக்கை, இரண்டையும் கூட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு: கிறிஸ்டென்சனின் வரிக்கணக்கு தொடங்குவதும் இப்படியே. கவிதை கணிதத்திடம் கடன் வாங்கியது என்று நாம் நினைக்கிறோம், கணிதம் கவிதையின் வீட்டிலிருந்து போனது.

ஆனால் இந்த மாதிரிப் பெருமையில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஹேமசந்திரர் கதைக்கு நூல் ஆதாரம் இருக்கிறது, எண்ணிப் பார்க்கலாம். அதே மூச்சில் திருவாசகத்தில் பெருவெடிப்பு இருக்கிறது, அணுவியல் இருக்கிறது என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். திருவண்டப்பகுதியை எடுங்கள். அண்டங்கள் நூற்றொரு கோடிக்கு மேல் விரிந்து கிடக்கின்றன, அவை ‘இன்னுழை கதிரின் துன்னணுப் புரையச் சிறிய வாகப் பெரியோன்’ இறைவன் என்கிறார் மாணிக்கவாசகர். அவன் முன்னால் அண்டங்கள் வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்கும் தூசு. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமில் லுக்ரீஷியஸும் தன் நெடும்பாட்டில் இதே தூசைக் காட்டுகிறார். கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் முட்டுவதால்தான் தூசு இப்படி ஆடுகிறது என்று அணுக்கொள்கைக்குச் சாட்சியாக நிறுத்துகிறார். ஒரே வெயில், ஒரே தூசு. ஒருவர் கடவுள் தேவையில்லை என்று காட்ட அதைப் பயன்படுத்துகிறார், மற்றவர் கடவுளின் பெருமையைக் காட்ட. லுக்ரீஷியஸ் சொன்னது பின்னால் பிரௌனிய இயக்கம் என்று ஐன்ஸ்டைன் 1905இல் கணித்ததற்கு வியக்கத்தக்க அளவு கிட்ட வருகிறது. ஆனாலும் நம் கண்ணில் படும் அறைத் தூசு ஆடுவது பெரும்பாலும் காற்றோட்டத்தால்தான், அணு மோதலால் அல்ல. ஆக அவருடைய முடிவு சரி, காட்டிய சாட்சி தப்பு. மாணிக்கவாசகர் அணுவியல் சொல்ல வரவே இல்லை. அவரை இயற்பியலாளர் ஆக்கினால் அவர் சொன்ன அளவின் திகைப்பு போய்விடுகிறது, இயற்பியலுக்கும் லாபம் இல்லை.

விண்வெளி விஷயத்தில் இன்னொரு வகைச் சந்திப்பும் இப்போது நடக்கிறது. 2024 அக்டோபரில் வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவை நோக்கிப் புறப்பட்ட நாசா விண்கலத்தில் அமெரிக்கக் கவிஞர் அடா லிமோனின் கவிதை ஒன்று, அவர் கையெழுத்திலேயே, டான்டலம் என்ற உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நல்ல கவிஞர், கவிதையும் மோசமில்லை. ஆனால் அறிவியல் கருவியில் ஏறிச் செல்வதால் ஒரு கவிதை அறிவியலோடு சேர்ந்துவிடாது. அது ஒரு சடங்கு, சடங்காக அழகானது. தமிழில் பிரமிள் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டையே தலைப்பாக்கி எழுதிய கவிதையை நீங்கள் படித்திருப்பீர்கள். படிக்கவில்லையென்றால் இந்தப் பதிலை நிறுத்திவிட்டு முதலில் அதைத் தேடிப் படியுங்கள்.

இப்போது உங்கள் இரண்டு வரிக்கு வருவோம். பின்னிய துகள்கள் பற்றி உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு: இரண்டையும் தொலைவில் பிரித்து வைத்து அளந்தால் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, அந்தப் பொருத்தத்தை ‘முன்பே எழுதிவைத்த பதில்கள்’ என்று சாதாரணமாக விளக்க முடியாது. ஜான் பெல் 1964இல் அதற்கான கணக்கைக் கொடுத்தார். அதைச் சோதனையில் காட்டிய க்ளாசர், ஆஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் கிடைத்தது. இதே அளவு உறுதியான இன்னொன்று: அங்கே என்ன செய்தாலும் இங்கே இருப்பவருக்கு எந்தச் செய்தியும் வராது. இங்கே அவர் காண்பது எப்போதும் பூவா தலையா போட்டதுபோன்ற வெறும் தற்செயல். நீ அங்கே அழுதால் நான் இங்கே நனைய மாட்டேன். உங்கள் பேராசிரியர் சொன்னது சரி. இதற்கெல்லாம் அடியில் உண்மையில் நடப்பது என்ன, பல உலகங்களா, மறைந்த வழிகாட்டி அலையா, அப்படி ஒரு கேள்வியே அர்த்தமற்றதா என்பதில்தான் இயற்பியலாளர்களும் தத்துவக்காரர்களும் இன்றும் ஒத்துப்போகவில்லை.

ஆனால் பேராசிரியர் ‘தப்பு’ என்று சொல்லி நிறுத்தியிருக்க வேண்டாம். அங்கேதான் கவிதை தொடங்குகிறது. பின்னிய துகள்களின் உண்மைநிலை நீங்கள் எழுதியதைவிடப் பிரிவுக்கு நெருக்கமானது. இருவரிடமும் ஆளுக்கொரு குறிப்பேடு. தனித்தனியே புரட்டினால் இரண்டும் வெறும் கிறுக்கல், அதில் மற்றவரின் சாயல்கூடத் தெரியாது. இரண்டையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பொருத்தம் தெரியும், அதற்கு யாராவது ஒருவர் சாதாரண வேகத்தில் ரயிலோ பஸ்ஸோ பிடித்து வந்தாக வேண்டும். அதற்குள் எங்கோ ஒரு காற்று மூலக்கூறு மோதினாலே பின்னல் குலைந்துபோகலாம். சங்கப் பாட்டின் தலைவிக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். நான் எழுதித் தர மாட்டேன், அது உங்கள் வேலை. ‘நனைகிறேன்’ என்பதை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

உங்கள் நண்பர் சொன்னதற்கும் ஓர் இடம் உண்டு. ஜீட்டோவின் கறுப்பு நட்சத்திரம் தெரிந்தே ஆடும் ஆட்டம், வாசகருக்கும் அது ஆட்டம் என்று தெரியும். அங்கே சரி, தப்பு பார்ப்பது அறியாமை. ஆனால் கவிதை தன் பலத்தையே ‘இது நிஜம்’ என்பதில் வைத்திருந்தால் சலுகை கேட்க முடியாது. உங்கள் வரி இரண்டாவது வகை. வாசகர் அதிர வேண்டியது ‘அட, இப்படி உண்மையிலேயே நடக்கிறதா’ என்றுதானே? நடக்கவில்லை என்றால் அந்த அதிர்ச்சிக்கு ஆதாரம் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஹோலுப்பின் தேர்ந்தெடுத்த கவிதைகள் ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்கும், அதிலிருந்து ஆரம்பியுங்கள். எல்சன் அடுத்து. அவர் நூலின் பின்பகுதியில் குறிப்பேட்டுப் பக்கங்களும் இருக்கின்றன, ஒரு வரி எப்படி அடித்து அடித்துத் திருத்தப்பட்டது என்று பார்க்கலாம். கிறிஸ்டென்சனை ஒரே மூச்சில் உரக்க வாசியுங்கள், விரலால் வரிகளை எண்ணிக்கொண்டே. தத்துவத்துக்குத் தனியாக எதையும் இப்போதைக்கு எடுக்க வேண்டாம். போலந்தின் சிம்போர்ஸ்கா 1996இல் நோபல் ஏற்புரையில் ‘எனக்குத் தெரியாது’ என்ற இரண்டு சொற்களை நியூட்டனுக்கும் மேரி கியூரிக்கும் கவிஞர்களுக்கும் பொதுவாக்கிப் பேசியிருக்கிறார். சில பக்கம்தான். அது போதும்.

கடைசியாக, நீங்கள் இணைத்திருந்த மற்றக் கவிதையில் என்ட்ரோபியை ஒழுங்கின்மை என்று வைத்துக்கொண்டு, அறை கலைந்துகிடப்பதை அதற்குச் சாட்சியாக்கியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அடுத்த செமஸ்டரில் உங்களுக்குப் புள்ளியியல் இயக்கவியலும் போல்ட்ஸ்மனும் வருவார்கள், ஒரு நிலையை எத்தனை விதமாக அடையலாம் என்ற எண்ணிக்கையின் மடக்கைதான் அவர் சொன்ன என்ட்ரோபி. நான்கு மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று மேலே எண்ணினோமே, அதே வகை எண்ணிக்கை. அந்தத் தாள் முடியும்வரை இந்தக் கவிதையை எந்த இதழுக்கும் அனுப்பாதீர்கள்.